பொய் சொல்லாத ட்ராலி

டீ வேண்டாம் சார். வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். தண்ணீர் போதும். அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். தாள் பறக்கிறது, ஏட்டையா எழுதச் சிரமப்படுகிறார்.

என் பெயர் செண்பகராஜ். வயது முப்பத்து நாலு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டு வருஷம் டி.வி. பழுது பார்த்தேன். செல்லத்துரை அண்ணாச்சி டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தபோது கேமரா மாட்டப் போனவன், அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸும் இருக்கிறது. அவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். கடையில் கம்ப்யூட்டர், பேட்டரி, வயர் என்று எதுவானாலும் என் பொறுப்பு.

கடையில் ஒன்பது ட்ராலிகள் இருந்தன. சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போகிற வெறும் கம்பிக் கூடைகள். அவற்றுக்கு அறிவு கொடுத்தது நான். அதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. கைப்பிடியில் பார்கோடு படிக்கிற ஒரு கண் வைத்தேன். பொட்டலத்தை அதில் காட்டினால் சாமானின் பெயர் சின்னத் திரையில் வரும். கூடைக்கு அடியில் எடைத் தகடு பொருத்தினேன். பில் மேஜைக்குப் பத்தடி முன்னால் தரைக்குள் ஒரு கம்பி பதித்தேன். ட்ராலி அந்தக் கம்பியைத் தாண்டும்போது கணக்குப் பார்க்கும். காட்டிய சாமான்களின் எடையும் கூடையில் கிடக்கும் எடையும் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஒரு சோப்பு கூடுதலாக இருந்தாலும் சிவப்பு எரியும், முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். படித்தவர்களே இதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்தார்கள்.

தினமும் கடை திறக்குமுன் படிக்கல் வைத்து ஒன்பதையும் சோதிப்பேன். மழை பெய்த நாட்களில் செருப்போடு வருகிற கரிசல் மண் சக்கரங்களில் அப்பிக்கொள்ளும். குத்தூசியால் சுரண்டி எடுப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை சார். வேறு வேலையும் இல்லை.

புரட்டாசியில் ஓட விட்டோம். மூன்று மாதம் ஒரு தடவைகூடச் சிவப்பு எரியவில்லை. காரணம் எளிது. பிடித்துவிடும் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள்? அண்ணாச்சிக்கு அது புரியவில்லை. மார்கழி பிறந்ததும் ஒருநாள் கடைக்கு வந்து ட்ராலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏலே செண்பகராசு, ஒருத்தனையும் புடிக்காத மிசினு எதுக்குலே? கரண்டுக்குக் கேடு. பொங்கலோட கழட்டிரு."

அவர் நல்ல மனிதர். என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் அன்று அவர் சொன்னது நியாயமில்லை என்று உங்களுக்கே தெரியும். திறமையைக் காட்ட ஒரு வாய்ப்புகூடத் தராமல் ஒன்றைத் தூக்கிப் போடுவது சரியா? வாய்ப்பை நான் ஏற்படுத்திக் கொடுத்தேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று நான்கு நாள் யோசித்தேன். வழக்கமாகக் கை நீளுகிற ஆட்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களைப் பிடித்தால் வாட்ச்மேன் சோலைமுத்துவின் கண்ணுக்குத்தான் பெயர் போகும். யாரும் சந்தேகப்படவே மாட்டாத ஒருவர் வேண்டும். அப்போதுதான் இது மனிதக் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிறது என்று ஊர் ஒத்துக்கொள்ளும். அப்படி யோசித்தபோது சொர்ணத்தாய் அக்காவைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போகிற பாதையில் ஓர் ஊரில் சத்துணவு அமைப்பாளர். ஐம்பதை நெருங்கிய வயது. வீட்டுக்காரர் மாயகிருஷ்ணன் ஆடும் வைத்திருந்தார், மானாவாரியில் உளுந்தும் போடுவார். சனிக்கிழமை தோறும் அக்கா பஸ் ஏறி வந்து வீட்டுக்குச் சாமான் வாங்குவார். ட்ராலியைப் பார்த்து மற்றவர்கள் பயந்து கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, முதன்முதலில் அதைத் தள்ளியவர் அவர்தான். இது எப்படிப் படிக்கிறது, எப்படி எடை பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தன் ஊர்ப் பெண்கள் வந்தால், பொட்டலத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவரே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். நான் இரண்டு வருஷம் செய்ததை மதித்து விசாரித்த ஒரே ஆள் அவர்தான் சார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம். அக்கா தன் மஞ்சள் பையை மடித்துக் கூடைக்குள் வைத்து, பையின் எடையைக் கழிக்கிற பொத்தானை அழுத்திவிட்டுப் பருப்பு, சீரகம், துணி சோப்பு என்று எடுத்துக் காட்டிக் காட்டிப் போட்டார். திரையில் தூசி இருக்கிறது என்று சொல்லி நான் பக்கத்தில் போனேன். அவர் விலகி நின்று வழி விட்டார். ஐம்பது கிராம் ஏலக்காய்ப் பொட்டலம் என் உள்ளங்கையில் இருந்தது. மஞ்சள் பையின் மடிப்புக்குள் வைத்தேன். துடைத்ததற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார்.

கம்பியைத் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. சக்கரம் பூட்டியது. மூன்று மாதத்தில், காலைச் சோதனை தவிர, அந்த விளக்கை அப்போதுதான் பார்க்கிறேன். மிகத் துல்லியமாக வேலை செய்தது.

சோலைமுத்து பையை உதறினார். பொட்டலம் விழுந்தது. கூட்டம் சுற்றி நெருங்கியது. அக்கா சத்தம் போடுவார், கடைக்காரர்கள்தான் வைத்தார்கள் என்று சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்கதான தம்பி சொன்னிய, இது பொய் சொல்லாதுன்னு. அப்பம் நாந்தான் எடுத்திருக்கனோ?"

நான் பொட்டலத்தை எடுத்துப் பில் மேஜைமேல் வைத்தேன். சொல்ல வேண்டியதை ட்ராலி சொல்லிவிட்டது.

அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தார். போலீஸுக்குப் போகவில்லை. அக்காவை நிற்க வைத்து போட்டோ எடுத்து வாசல் போர்டில் ஒட்டச் சொன்னார். என் தோளில் தட்டினார். தூத்துக்குடியில் மச்சினன் கடைக்கும் இருபது ட்ராலி செய்து கொடு என்றார். அன்று மதியம் எனக்கு நல்ல பசி.

ஊருக்குள் பேச்சு எப்படிப் போகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, உண்மை. கடையில் ஏலக்காய் எடுத்தவள் பள்ளிக்கூடத்தில் முட்டையை விட்டு வைத்திருப்பாளா என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடமே கேட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் அவர் கையால் சோறு வாங்கித் தின்ற ஊர்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மறுபடி வந்தார். கரண்ட் போயிருந்தது, கடையில் ஆளே இல்லை. ட்ராலிகள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. போர்டில் இருந்த தன் போட்டோவைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். கையில் பை இல்லை. முந்தானையை இறுக்கிச் செருகியிருந்தார். என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, ஓர் உதவி கேட்டார். தனக்கு ஏதோ வியாதி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறதாம். தான் ஒருமுறை ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகிறாராம், கூடவே வந்து அவர் கையையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

"நீங்க பக்கத்துல நின்னு பாருங்க தம்பி. பச்சை எரிஞ்சா நான் நிம்மதியாப் போயிருவேன். யாருகிட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும் சார். பச்சை எரிந்தால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். போய் உட்கார்ந்து, அப்படியானால் அன்று ஏன் சிவப்பு எரிந்தது என்று யோசிப்பார். அவர் யோசிக்கிற ஆள். அன்று பக்கத்தில் வந்து தூசி துடைத்தது யார் என்பது ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு தூரம் அவரை அலைய விட வேண்டாம் என்று நினைத்தேன்.

ஐந்து சாமான் எடுத்தார். ஒவ்வொன்றையும் எனக்கு ஒருமுறை, கைப்பிடிக் கண்ணுக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் போட்டார். ரவை எடுக்க மேல் தட்டை நோக்கிக் கையை உயர்த்தியபோது, பருப்புப் பாக்கெட்டுக்கு அடியில் ஒரு குங்குமச் சிமிழைத் தள்ளினேன். நாற்பது கிராம். இவ்வளவு சின்ன எடையைப் பிடிக்குமா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. பிடித்தது.

சக்கரம் பூட்டியதும் அக்கா குனிந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். ஐந்து. ஆறாவதாகச் சிமிழ் வந்தது.  பிறகு அது இருக்க வேண்டிய தட்டைத் தேடிப் போய், அதே வரிசையில், லேபிள் முன்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு வந்தார்.

"என் கையி எனக்கே தெரியாமச் செய்யுது தம்பி," என்றார். "இந்தக் கையோட நான் எப்படிப் பிள்ளையளுக்குச் சோறு போடுவேன்?"

ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னேன். சரி என்றார். வாசல் வரைக்கும் கூடப் போனேன். வியாழக்கிழமை காலையில் அக்காவை அவர்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாயகிருஷ்ணன் இங்கே வந்து மனு கொடுத்தார். நீங்கள் ஒரு ட்ராலியைக் கட்டி எடுத்துப்போய் இன்ஜினியரிங் காலேஜில் கொடுத்தீர்கள். அங்கே ஒரு லெக்சரர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வெயிலுக்குத் தகடு விரியும், எடை தவறாகக் காட்டும், நம்பத் தகுந்ததல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொட்டலம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, கைதவறி விழுந்திருக்கும் என்று கடையில் சொன்னார்களாம். அண்ணாச்சிக்கும் அது வசதியாகப் போயிற்று. போட்டோவைக் கிழித்தார். மெஷின் கோளாறு என்று மாயகிருஷ்ணனிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்பது ட்ராலிகளையும் தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் கவிழ்த்துப் போட்டார்கள். வயர்களை அறுத்துவிட்டார்கள்.

போன வாரம் மாயகிருஷ்ணன் அந்தக் குடோனுக்கு வந்தார். நான் அறுந்த வயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. ட்ராலிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "மிசினுதான் தப்பாச் சொல்லிருக்கு. அவ எடுக்கலை. எனக்கு அது போதும்," என்றார். என்னிடமா, ட்ராலியிடமா, தெரியவில்லை. மனுவையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ஆக, வழக்கு முடிந்துவிட்டது. யாரும் என்னைத் தேடவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு நானாகத்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா. ஏலக்காயை வைத்தது நான். சிமிழை வைத்ததும் நான். இரண்டு முறையும் தெரிந்தே வைத்தேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். அந்த லெக்சரர் எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். ட்ராலி இரண்டு முறையும் சரியாகத்தான் சொன்னது. ஒரு தப்பும் செய்யாத ஒன்றின் மேல் இப்படிப் பழி போட்டுவிட்டு, மனுஷனால் எப்படி சார் நிம்மதியாக இருக்க முடியும்?