அண்ணனுக்கென்று வைத்த ஜாடி

"கீழ்த்தோட்டத்துல என் பங்கைப் பிரிச்சுக் குடுண்ணே."

இதை நான் கேட்டபோது அண்ணன் உலார் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான். செப்டம்பர் மாதம், மத்தியான வேளை. வெளியே மரத்தடியில் ஆப்பிள்கள் விழுந்து கிடந்தன. வீட்டில் எல்லோருக்கும் கஞ்சா அறுப்பு வேலை, பழம் பொறுக்க ஆளில்லை.

எது வேண்டுமானாலும் கேள், பங்கு மட்டும் கேட்காதே என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிவைத்திருந்தாள். எங்கள் பக்கம் பங்கு மகனுக்கு. மகள் விருந்தாளி. விருந்தாளியைக் கதவுக்கு எதிரே மேல் இடத்தில் உட்காரவைத்து நல்ல கறியாகப் பார்த்துப் போடுவார்கள். நிலம் கொடுக்கமாட்டார்கள்.

"பாத்தியாம்மா, விருந்தாளி வந்து பத்திரம் கேக்குது," என்றான் அண்ணன். "இதுக்குத்தான் பொட்டப்புள்ளைய தலைநகரத்துக்குப் படிக்க அனுப்பாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"நீ குடுத்த வாக்கைத்தான் கேக்கறேன். ஆஸ்பத்திரியில சொன்னியே."

"மயக்க மருந்துல மனுஷன் என்ன வேணா சொல்லுவான். அன்னிக்கு நர்ஸ்கிட்டகூட உன்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னேன். கட்டிக்கிட்டேனா?"

அண்ணி ஜிபார் வாயில் இருந்த தேநீர் சிந்தச் சிரித்தாள். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அவன் வேடிக்கையாகப் பேசக்கூடியவன்தான். அதை நான் மறுக்கவில்லை.

விசாரணை அதிகாரி ஐயா, வாக்குமூலம் எழுத நீங்கள் என்னிடம் கொடுத்தது இரண்டு தாள். "கஞ்சாவைப் பத்தி மட்டும் எழுதும்மா. பரண்ல கெடைச்சதெல்லாம் அண்ணனுதுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. செத்தவனை யாரும் ஜெயில்ல போடப்போறதில்ல," என்றீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் ஆய்வகக் குறிப்பை அரைகுறையாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நுண்ணுயிரியல் படித்தேன். நகரத்துப் பால் பண்ணை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. எந்தப் பூஞ்சை எத்தனை நாளில் எந்த நிறத்தில் வளரும் என்று தினமும் பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் சிறுநீரகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு இரண்டும் கெட்டுப்போயின. அம்மாவுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. வெளிநாட்டில் வைத்து எடுத்து அவனுக்குள் பொருத்தினார்கள். அறுவை அறைக்குள் போவதற்கு முன் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கீழ்த்தோட்டத்துல பாதி உன்னுது பெர்மெட், நீ அங்க வீடு கட்டிக்கோ," என்றான். மயக்க மருந்து அதற்கு அப்புறம்தான் கொடுத்தார்கள். இந்த வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

திரும்பி வந்த வருடம் என்னைப் பார்க்க வந்திருந்த குடும்பம் தழும்பைக் கேள்விப்பட்டதும் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனது. அடுத்த குடும்பம் குடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. போகும் இடத்தில் நிலம் கிடைக்கும் என்பார்கள் பெண்களுக்கு. எனக்குப் போகும் இடம் இல்லை. ஏரியைப் பார்த்த அந்தப் பாதித் தோட்டம்தான் மிச்சம். இரண்டு அறை, ஒரு கதவு, அதற்கு என்னிடம் சாவி. நான் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது கஞ்சா.

அப்பா காலத்தில் அறுத்ததை வைக்கோல் மாதிரி வெயிலில் பரப்புவார்கள். பாதி வாசம் காற்றோடு போகும், மீதி நிறத்தோடு போகும். நான் படித்துவிட்டு வந்தபிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். கொட்டகைப் பரணில் கம்பி கட்டி, கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, சன்னலைப் பழைய கம்பளத்தால் மூடினேன். வெளிச்சம் கூடாது, காற்று மட்டும் ஓட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் சிறு காம்பை வளைத்துப் பார்த்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒடிந்தபிறகு மொட்டுகளைக் கத்தரித்து, ஊறுகாய் போடும் மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் முக்கால் அளவு நிரப்பி மூடுவேன். வேலை அதோடு முடியாது. உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேலே வரும். முதல் இரண்டு வாரம் தினமும் மூடியைத் திறந்து மூச்சுவிட வைக்க வேண்டும். ஈரம் தட்டினால் செய்தித்தாளில் கொட்டி ஆற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. ஒரு வாரம் விட்டால் உள்ளே வேறொன்று குடியேறிவிடும்.

மூக்குதான் இதில் கருவி. அண்ணனுக்கு மூக்கு இல்லை. ஊரே காய்ச்சலில் கிடந்த அந்த வருடம் அவனுக்கு வாசனை போனது, திரும்பவில்லை. ஆகையால் எல்லா ஜாடியையும் நான்தான் முகர்ந்து சொல்ல வேண்டும். "படிச்ச மூக்கு வருது, வழிவிடுங்க," என்று பரண் ஏணிக்குக் கீழே நின்று கத்துவான்.

வருடம் ஏழு ஜாடி. ஆறு வெளியே போகும். ஏழாவது, கொட்டகைச் சுவரை ஒட்டி அவன் தனக்கென்று வளர்க்கும் இரண்டு செடியிலிருந்து வருவது. அப்பா வைத்த வழக்கம். வீட்டுக்காரன் ஜாடியை வீட்டுக்காரன் மட்டும்தான் திறப்பான், அதுவும் முதல் பனி விழும் நாளில்தான். விருந்தாளிக்குக்கூட அதிலிருந்து கிள்ளித் தரமாட்டார்கள். மருத்துவர்கள் புகையே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் கேட்டால்தானே.

இந்த முறை கிழக்கிலிருந்து சந்தாஷ் காற்று முன்னதாகவே வந்து மழையைக் கொட்டியது. பரணில் கட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. காம்புகள் ஈரத்துணி மாதிரி வளைந்தன. அந்தச் சமயத்தில் அண்ணன் தன் மகன் எர்தாய்க்குக் கால்கட்டு வெட்டும் விருந்தை வைத்தான். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் கணுக்காலில் கறுப்பு வெள்ளை நூலைக் கட்டி, ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவரைக்கொண்டு வெட்டுவார்கள். உறவு முழுக்க வரும். பாதிப் பேர் கொட்டகையில்தான் படுப்பார்கள்.

"எல்லாத்தையும் ஜாடியில போட்டு மூடு. பரண் காலியாகணும்," என்றான்.

"ஈரமா இருக்குண்ணே. பூசணம் புடிச்சுடும்."

"உன் பாடத்தை ஆய்வகத்துல நடத்து. மாமனுங்க மோப்பம் புடிச்சா ஊர் முழுக்கச் சொல்லுவானுங்க. மூடுன்னா மூடு."

மூடினேன். ஏழு ஜாடியையும் மூடினேன். அவன் சொன்ன நாளில், அவன் சொன்னபடி. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

விருந்து நன்றாக நடந்தது. எர்தாய் நூல் வெட்டியதும் இரண்டடி நடந்து என் மடியில் வந்து விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது அண்ணன் எழுந்து நின்று, பாப்ளார் மரவரிசை வரைக்கும் கீழ்த்தோட்டம் முழுவதும் என் மகனுக்கு என்று அறிவித்தான். பெரியவர்கள் உள்ளங்கையை விரித்து முகத்தைத் தடவி ஆசீர்வதித்தார்கள். முடிந்தது. எங்கள் பக்கம் அதற்குமேல் பத்திரம் தேவையில்லை.

மூத்த மாமா எலும்பைச் சூப்பிக்கொண்டே கேட்டார்: "அத்தைக்காரிக்கு என்னடா குடுத்தே?"

"அவளுக்கு என்ன மாமா, வாடகை இல்லாம சமையலறையைக் குடுத்திருக்கேன்."

"குறைச்சலா குடுத்துட்டியேடா. பாத்திரம் கழுவற தொட்டியையும் சேத்து எழுதிவை."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். மடியில் எர்தாய் என் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் தோட்டம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவன்மேல்தான் கோபப்பட முடியும்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன், நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "உன் ஒடம்புல இருந்து ஒன்னு எடுத்துக் குடுத்தே. புண்ணியம். அதுக்குக் கூலி கேட்டா புண்ணியம் போயிடும்டி," என்றாள். தோட்டம் அண்ணனுக்கு, புண்ணியம் எனக்கு. பங்கு பிரித்தாயிற்று.

உறவினர் போனதும் பரணுக்கு ஏறினேன். ஆறு ஜாடியைத் திறந்தேன். கொட்டி, ஆற்றி, திரும்ப நிரப்பி, தினமும் மூச்சுவிட வைத்தேன். மூன்று வாரம். வாங்குகிறவர்கள் யாரோ எவரோ. அவர்களுக்கும் எனக்கும் பகை கிடையாது. அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு இருமல் வந்திருக்காது. என் வேலையில் நான் கவனமானவள்.

ஏழாவதைத் திறக்கவில்லை. வீட்டுக்காரன் ஜாடியை வீட்டுக்காரன்தானே திறக்க வேண்டும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அடியில் ஒரு மொட்டின் மேல் வெள்ளை நூலாம்படை. பதினான்காம் நாள் சாம்பல் பச்சை. எனக்கு அது என்ன என்று தெரியும். உங்களுக்கும் எனக்கும் அது பெரிய கெடுதல் செய்யாது. உடம்பு அடித்துத் துரத்திவிடும். ஆனால் பிறர் உறுப்பை உள்ளே வைத்திருப்பவன் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். உள்ளே இருப்பது அந்நியப் பொருள் என்று உடம்பு கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. பூஞ்சையையும் அந்த உடம்பு கண்டுகொள்ளாது. இதை மூன்றாம் ஆண்டில் படித்தேன். நல்ல மதிப்பெண் வாங்கிய தாள்.

முதல் பனி அக்டோபர் கடைசியில் விழுந்தது. நவம்பர் நடுவில் அவனுக்கு இருமல். பிறகு காய்ச்சல். நகரத்து மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் இருந்தாள், கெட்டிக்காரி. நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவள் சரியான கேள்வியைக் கேட்டாள்: "இவரு எதையாவது புகைச்சாரா? பூசணம் பிடிச்ச எதையாவது? மறைக்காம சொல்லுங்க."

"சிகரெட்டைக்கூடத் தொட மாட்டான் என் புள்ள," என்றாள் அம்மா, நெஞ்சில் கை வைத்து. அண்ணியும் தலையாட்டினாள். கஞ்சா என்று சொன்னால் மருத்துவமனையிலிருந்து நேராக உங்களுக்குத் தகவல் வரும் என்று எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். யார் வீட்டிலும் மருத்துவரிடம் உண்மை சொல்லமாட்டார்கள். அம்மா இதைத்தான் சொல்வாள் என்று எனக்கு முன்பே தெரியும். நான் அம்மாவுக்குப் பின்னால் அண்ணனின் கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தப் பெண் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு நிமோனியாவுக்கு மருந்து எழுதினாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

டிசம்பரில் இறந்தான். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் உடம்பின் ஒரு பகுதியையும் சேர்த்துத்தான் அன்றைக்குப் புதைத்தார்கள். எனக்கு வர அனுமதி இல்லை. சமையலறையில் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி மட்டும்தான் எதையோ இழந்தாள் என்று ஊர் பேசும்போது எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம் நீங்கள் வந்தீர்கள். யார் தகவல் சொன்னார்கள் என்று கேட்கப்போவதில்லை. பரணில் எடுத்த அந்த அரை ஜாடியை முத்திரை போட்டு உங்கள் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். திறக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் நிலையத்து எழுத்தர் பெண்மணிக்கு ஆஸ்துமா இருக்கிறது போலிருக்கிறது.

தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. முதல் பனி விழுந்த அந்தக் காலையை எழுதாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றல்ல.

வேலைக்குப் போகும் வண்டி எட்டு மணிக்கு. நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு பரணிலிருந்து இறங்கி வந்தான். தலையில் பனித்துகள். சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தான். மூடியைத் திருகித் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மோந்து பாரு. ஈரம்னு கத்திக்கிட்டே இருந்தியே. மத்ததெல்லாம் வித்துப்போச்சு, ஒருத்தனும் குறை சொல்லல. இது எப்படி இருக்கு?"

மூக்கு உள்ளவன் யாராக இருந்தாலும் பின்வாங்கியிருப்பான். நனைந்த வைக்கோல், மூடிக் கிடந்த நிலவறை.

"சொல்லுடி. வேணாம்னா சொல்லு, தூக்கிப் போட்டுடறேன். உன் மூக்கைத்தான் நம்பறேன்."

அவன் கண்ணைப் பார்த்தேன். அவசரமில்லாமல் பார்த்தேன்.

"தேன் மாதிரி இருக்குண்ணே," என்றேன். "இந்த வருஷத்துலயே இதான் உசத்தி."

"பாத்தியா. எனக்குத் தெரியும்," என்று என் தோளில் தட்டினான்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவை நன்றாகச் சாத்தினேன். குளிர் உள்ளே போகக் கூடாது, அவனுக்கு உடம்புக்கு ஆகாது. வண்டி வரும்வரை சாலையில் நின்றேன், வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆகையால் அவன் அதைப் பற்றவைத்ததை நான் பார்க்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.