தீப்பாஞ்சம்மாள் முகம்

என் பெயர் சோலைமலை. வயது இருபத்தேழு. பம்பாயில் மாதுங்கா ரயில் நிலையத்துக்குப் பின்னால் நான்கு பேரோடு ஒரே அறையில் இருக்கிறேன். சினிமா பேனர் வரைகிறேன். ரொட்டி பழகிவிட்டது. இந்தக் கடிதம் போடியில் இருக்கும் என் அக்கா வேலுத்தாய்க்கு. அவளுக்கு எழுத்துத் தெரியாது, வேறு யாராவதுதான் வாசித்துச் சொல்வீர்கள். நிதானமாக வாசியுங்கள். ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. வெளியே யாராவது தமிழில் பேசினால் எட்டிப் பார்க்கிறேன்.

எண்பதாம் வருடம் நான் போடியில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் வியாபாரி தானியேல் அண்ணாச்சிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு காலண்டர் வந்திருந்தது. வருடம் முடிந்ததும் அதை எனக்குக் கொடுத்தார். அதில் ஹவாய்த் தீவுக்காரர் ஒருவர் வரைந்த படம். எரிமலையில் குடியிருக்கும் அம்மாள். கிரீடம் இல்லை, நகை இல்லை. அவிழ்ந்த தலைமுடி கீழே வர வர நெருப்புக் குழம்பாகிச் சரிவில் ஓடியது. அடியில் இருந்த ஆங்கிலத்தை அண்ணாச்சி வாசித்துச் சொன்னார். அந்தத் தீவில் சில குடும்பங்கள் அவளைத் தங்கள் வம்சத்தின் மூத்த தாயாகக் கும்பிடுகிறார்களாம்.

எங்கள் தாய்மாமன் திருப்பதியின் பங்காளிகள் கும்பிடும் தீப்பாஞ்சம்மாளும் நெருப்பில் இறங்கிய பெண்தான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஏறும் பாதை ஓரம் அவள் கோயில். உள்ளே ஒரு கல் மட்டும் இருந்தது, முகம் கிடையாது. எண்பத்தொன்றில் புதுச் சுவர் கட்டி அதில் அவளை எழுதத் தீர்மானித்தார்கள். கண் திறக்கும் முன் பங்காளிகள் அவளைப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். எழுதுகிறவன் மச்சான் முறைக்காரனாக இருக்க வேண்டும். பூசாரி ஒச்சப்பன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அம்மா எனக்காக மாமா மகள் ராமுத்தாயைப் பெண் கேட்டுப் போயிருந்தாள். கூடப் போன என்னைப் பார்த்து மாமா சிரித்தார்.

"பொம்மை போட்டா எம் மகளுக்குக் கஞ்சி ஊத்துவ, மாப்ளே?"

தேவாரம் ஊரில் தோட்டமும் கிணறும் உள்ள ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

சாக்குத் திரைக்குப் பின்னால் நாற்பது நாள் எழுதினேன். காலண்டரில் இருந்தது போலவே முடியை நெருப்பாக்கி நம் மலைச்சரிவில் ஓடவிட்டேன். முகத்தை மட்டும் விட்டு வைத்திருந்தேன். காய் பறிக்கப் போகும் பெண்களின் ஜீப்பு தினமும் காலையில் கோயில் முன்னால் நிற்கும். ராமுத்தாய் இறங்கி வாசலில் கும்பிடுவாள். சாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அது முன்பே இருந்ததா, நான் போட்டதா என்று இப்போது நினைவில்லை.

கண் திறந்த அன்று, முதலில் சுவருக்குக் கண்ணாடியைக் காட்டிவிட்டுத் திரையை விலக்கினார்கள். கூட்டம் சுவரைப் பார்த்தது, பிறகு ராமுத்தாயைப் பார்த்தது. ஆத்தாதான் இவளாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்றார் ஒச்சப்பன். அவளைப் பெற்ற மூக்கம்மாள் அத்தைதான் முதலில் அவள் காலில் விழுந்தாள்.

மாமா மட்டும் நம்பவில்லை. "எம் பிள்ளையப் பாத்து எழுதியிருக்கான். சூடம் அணைக்கச் சொல்லுங்க," என்றார்.

பொய்ச் சத்தியம் செய்து அந்தக் கோயிலில் சூடம் அணைத்தவனுக்கு எட்டு நாளில் கண் போய்விடும் என்பார்கள். யாரையும் பார்த்து எழுதவில்லை, கை தானாகப் போனது என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். எட்டு நாளும் என் கண்ணை வந்து வந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மாமா சத்தியம் கேட்காமல் இருந்திருந்தால் ஏதோ சாயல் என்று பேச்சு அடங்கியிருக்கும். அதை நான் அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை.

திரும்பி வந்த ஆத்தாளை வேறு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. நிச்சயம் முறிந்தது. கோயிலை ஒட்டி ஓலைக் குடிசை போட்டு அவளை அங்கே இருக்க வைத்தார்கள். மாசித் திருவிழாவில் பூக்குழியில் முதலில் அவள்தான் இறங்க வேண்டும் என்று முடிவானது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு மத்தியானம், நான் சுவருக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மச்சான், என்னையப் பாத்துத்தான எழுதுனீங்க? ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் வீட்டுக்குப் போயிருவேன்."

"இல்ல தாயி," என்றேன்.

"சாக்குக்குப் பின்னால கண்ணு தெரிஞ்சுச்சு மச்சான்."

நான் டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். வார்னிஷ் அடிக்கிற நேரத்தில் தூசி படக் கூடாது.

முதல் வருடம் நடந்து கடந்தாள். அடுத்த வருடம் குழியை நீளமாக வெட்டினார்கள். பாதியில் நின்றாள். நின்று, நான் இருந்த பக்கமாகத் திரும்பினாள். பத்தடி தூரம்தான் இருக்கும். நான் வாயைத் திறப்பேன் என்று நினைத்திருப்பாள். கங்கின் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் நான் கொடுத்திருந்த நிறம் சரியாகவே இருந்தது. பிறகு அவள் விழுந்தாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வந்த வழியாகவே ஆத்தா போய்விட்டாள் என்றார் ஒச்சப்பன். அந்த மாதமே நான் ரயில் ஏறிவிட்டேன்.

போன வாரம் அக்கா எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் வந்தது. சுவரில் ஈரம் ஏறி முகம் உரிகிறதாம். தேனியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்து கிரீடமும் மூக்குத்தியும் வைத்துப் புது முகம் எழுதப் போகிறார்களாம். அதனால்தான் இவ்வளவையும் சொல்கிறேன். சுவரில் இருப்பது தீப்பாஞ்சம்மாள் இல்லை. ராமுத்தாய். பார்த்துத்தான் எழுதினேன். பொய்ச் சத்தியம் செய்தேன். எனக்கு இல்லாதவள் தேவாரத்துக்கும் போகக் கூடாது என்று தெரிந்தே செய்தேன். அவள் கேட்ட வார்த்தையைக் குழிக்குப் பக்கத்தில் நின்றுகூடச் சொல்லவில்லை.

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும், நாளைக்கே கோயிலுக்குப் போய்ச் சொல்லுங்கள். மலையையும் உடம்பையும் அவர்கள் இஷ்டம்போல் பூசிக்கொள்ளட்டும். முகத்தில் மட்டும் யாரும் தூரிகை வைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கென்று நான் செய்த நல்லது அது ஒன்றுதான்.