சூப்பர்வைசர் யாருக்காகவும் காத்திருக்காது

இல்லை ஸார், பூனைக்குப் பால் வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன். உங்கள் வீட்டுப் பூனைக்கு வயிறு சரியில்லை என்று ஏட்டய்யாவிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள், காதில் விழுந்தது. பாலை நிறுத்திப் பாருங்கள், சரியாகிவிடும்.

வேல்ராஜ் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ கோபத்தில் நடந்தது என்று எழுதிவிடுவீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை வாடகை அறைகளில் இருக்கும் தெற்கத்திப் பையன்கள் எதையாவது வளர்ப்பார்கள். வெறும் அறைக்குத் திரும்ப அவர்களுக்குப் பிடிக்காது. பொங்கலுக்குத் தொழிற்சாலை மூடியதும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். வளர்த்தவை எல்லாம் என் அறைக்கு வந்துவிடும். இந்தப் பொங்கலுக்கு முயல்கள், லவ் பேர்ட்ஸ், நாய்கள், ஷிப்ட் சங்கு மாதிரியே ஊதுகிற ஒரு மைனா. அது ஊதினால் ஊருக்குப் போகாமல் தங்கியவர்கள் தூக்கத்தில் எழுந்து பல் தேய்க்கப் போவார்கள். வீட்டுக்காரர் காமாட்சியம்மாள் வாசலில் நின்று கத்துவார்: "இன்னா ஹேமந்து, உனக்கு வூட்டை வுட்டனா, வண்டலூர் ஜூவை வுட்டனா?"

அந்த நாட்களில் நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. விடிந்ததும் அத்தனை வாய்களும் என்னைப் பார்த்துத் திறக்கும். ராட்டினத்தின் உச்சியில் நிற்பது போலத் தலை கிறுகிறுக்கும்.

வேல்ராஜின் நாய்க்கு சூப்பர்வைசர் என்று பெயர். தொழிற்சாலை லைனில் வாங்கிய திட்டையெல்லாம் அறைக்கு வந்து அதற்குக் கொடுப்பான். "லேய் சூப்பர்வைசர், வெளிய போலே" என்பான். அது வாலாட்டும். அறையே சிரிக்கும்.

வளர்ப்புப் பிராணிக்குப் பசி பெரிய நோயில்லை ஸார். காத்திருப்புதான் நோய். அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். ஊருக்குப் போகிறவனிடம் துவைக்காத சீருடைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்குவேன். அதை நானே போட்டுக்கொள்வேன். எப்பேர்ப்பட்ட நாயும் மடிக்கு வந்துவிடும். பிறகு சட்டையில் அவன் வாசனை போய் என் வாசனை ஏறிவிடும். லீவு முடிந்து வருகிற சொந்தக்காரனைப் பார்த்து அவன் நாயே குரைக்கும்போது எனக்குள் மேளம் கொட்டும். நோய் தீர்ந்தது என்று அர்த்தம்.

சூப்பர்வைசரிடம் அது பலிக்கவில்லை. சட்டையை முகர்ந்தது. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எனக்குப் பின்னால் வேல்ராஜ் நிற்கிறானா என்று பார்த்தது. பிறகு கதவோரம் படுத்துக்கொண்டது. சோற்றைத் தொடவில்லை.

வேல்ராஜ் திரும்பி வந்ததும் தரையெல்லாம் மூத்திரம் விட்டு, உருண்டு, அவன் காதைக் கடித்தது. நானும் சிரித்தேன்.

"என்னலே இப்படி மெலிஞ்சிட்ட, ஓவர்டைம் பாத்தியா?" என்று அதைக் கேட்டான். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். திரும்ப ஒரு பத்து நாள் பாத்துக்கிடணும். அதான் நான் வந்துருவேன்லா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவன் வந்துவிடுகிறான். அதனால்தான் அது காத்திருக்கிறது. வரவே மாட்டான் என்றால் சில நாள் அழும், பிறகு மறந்துவிடும். இவ்வளவு எளிய மருந்தா என்று சிரிப்பு வந்தது.

நாயைக் குளிப்பாட்டலாம் என்று ஞாயிறு மதியம் அவனைக் கல்குவாரிப் பள்ளத்துக்கு அழைத்துப் போனேன். ரொம்பக் கீழே பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. இறங்க வழி இருக்கிறதா என்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். "கட்டிக்கிடப் போறவளுக்கு நாய்னாலே பயம் அண்ணாச்சி. சூப்பர்வைசர்னு பேரைச் சொன்னா வேலைக்கே வரமாட்டேன்னுருவா" என்றான். நல்ல நகைச்சுவை. சிரித்துக்கொண்டேதான் அவன் முதுகில் இரண்டு கைகளையும் வைத்தேன். அந்த இடத்தில் தண்ணீருக்கு முன்னால் பாறை இருப்பது எனக்குத் தெரியும். கோபம் துளியும் இல்லை. உடம்பு பஞ்சாக இருந்தது. தவறி விழுந்தான் என்று முதலில் சொன்னது பொய். தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசர் உடனே என்னோடு வரவில்லை. கொஞ்ச நேரம் போனால் வரும் என்று அதற்காகப் பிரியாணி வாங்கி வைத்தேன்.

உடலை எடுத்துப்போன பிறகும் அது பள்ளத்தின் விளிம்பிலேயே படுத்திருக்கிறது, போட்ட பிஸ்கட்டைத் தொடவில்லை, கிட்டே போனால் உறுமுகிறது என்று ஏட்டய்யா சொல்கிறார். வேல்ராஜுக்காக என்று அவர் நினைக்கிறார். பாவம், அவருக்கு நாய்களைத் தெரியாது. என்னை அது கடைசியாகப் பார்த்தது அங்கேதான். நான் வருவேன் என்றுதான் படுத்திருக்கிறது. ஜீப்பை அனுப்பி அதை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இறக்கிவிட்டதும் யாரிடம் ஓடி வருகிறது என்று நீங்களே பாருங்கள். அனுப்புகிறீர்களா ஸார்?