மூன்றடி தள்ளி ஒரு மைக்

வீட்டில் கிற்றாரோடு பாடிப் பதிவு செய்பவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான்: அலுமாரிக்குள் அடைபட்டவன் பாடுவதுபோலக் குரல் கேட்கும். மைக்கை வாயிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு அறை வெறுமையாக வேண்டும். மெத்தென்ற சாமான்கள் குரலைக் குடித்துவிடும்.

இதை என் மனைவி கிளடிஸுக்கு விளங்கப்படுத்துவது கடினமாக இருந்தது. அது 2009 ஏப்ரல். அவளுடைய தங்கை வேரோனிக்கா வன்னியில் அகப்பட்டிருந்தாள். வேலை முடிந்ததும் கிளடிஸ் போரை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விடுவாள். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பதினேழாம் மாடி வீடு எனக்குத் தனியே கிடைத்தது. முதலில் கார்ப்பெற்றைச் சுருட்டி அனுப்பினேன். பிறகு திரைச்சீலைகள். செற்றியைக் கீழ்வீட்டு மீராசாஹிபு ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கிப்போனார்.

"என்னப்பா, வீடு மாறப்போறமோ? நான் எதில இருக்கிறது?" என்றாள் கிளடிஸ்.

"நீர் எப்ப வீட்டில இருக்கிறீர்?" என்றேன்.

சிரித்துவிட்டாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பெருமை எனக்குரியது.

மே மாதம், போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னதற்கு அடுத்த நாள், நான் எழுதிய பாட்டின் சரணத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். குசினியில் தொலைபேசி அடித்தது. கிளடிஸ் எடுத்தாள். வேரோனிக்கா இல்லை என்று யாரோ சொன்னார்கள். அவள் வந்து வெறுந்தரையில் இருந்து, குரலெடுத்து அழுதாள்.

அந்தச் சத்தம் நான்கு சுவரிலும் பட்டு, மேலே எழும்பி, ஆறுதலாக இறங்கியது. ஒரு மாதமாக நான் தேடிய விசாலம். சற்றுக் கிட்டக் கேட்டதுதான் குறை. எழுந்துபோய் மைக்கை இன்னும் இரண்டடி பின்னுக்கு வைத்தேன்.

"இஞ்ச வாங்கோவன்," என்று கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம், கிளடிஸ்."

பதினொரு நிமிடம் பதிவானது. அதில் நாற்பது வினாடிகளை மட்டும் என் பாட்டுக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பினேன். மார்க்கம் நகரில் நடந்த நினைவுக்கூட்டத்தில் அதைப் போட்டபோது சனம் உருகியது. கிளடிஸ் எழுந்து வெளியே போனாள். இப்போது தன் தமையன் சீமோன் வீட்டில் இருக்கிறாளாம்.

சீமோன் கேட்டபடியால் இதை எழுதிக் கொடுக்கிறேன். ஆம், பதிவு செய்தேன். ஆம், அவளைக் கேளாமல் பாட்டில் பாவித்தேன். ஆனால் அன்றைக்கு அவளைத் தனியே அழவிட்டேன் என்று அவர் சொல்வதை மட்டும் ஏற்கமாட்டேன். நான் அதே அறையில்தான் இருந்தேன், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு விம்மலையும் தவறவிடாமல்.