எடுத்தாலும் தெரியாத வரிகள்

எங்கள் வகுப்பறையில் கரும்பலகை சின்னது. அதன் பாதியில் நான் சமன்பாட்டை எழுதிவிட்டால், மறுபாதியில் கடித வரிகளை எழுத ஜெபராணிக்கு இடம் போதாது. அதனால் இருவருமே எழுத்தைச் சுருக்கிக்கொள்ளப் பழகினோம். எங்கள் பாடம் எப்படி நடந்தது என்பது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று உங்கள் விசாரணைக் குழு சொன்னது நல்லதாயிற்று. இதில் வரும் கடிதங்களும் தமிழில் எழுதப்பட்டவைதான்.

என் பெயர் நாகரத்தினம். நியூ ஜெர்சியில் இந்தப் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக மின்பொறியியல் கற்பிக்கிறேன். ஒரு செய்தி கம்பி வழியே போகும்போது எவ்வளவு சிதையும், சிதைந்த பிறகும் எவ்வளவு புரியும் என்பது என் ஆராய்ச்சி. ஜெபராணி ஒப்பிலக்கியத் துறையில் உதவிப் பேராசிரியர். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். 1994இல் இருவரும் சேர்ந்து 'கடிதமும் சமிக்ஞையும்' என்ற பாடத்தைத் தொடங்கினோம். கடித வடிவில் எழுதப்பட்ட கதைகளை அவர் நடத்துவார். அதே கடிதம் நனைந்தால், கிழிந்தால், தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்கிட்டுக் காட்டுவேன்.

முதல் வகுப்பில் நான் செய்யும் சோதனை எளிமையானது. பலகையில் ஒரு வாக்கியம் எழுதி, ஐந்து எழுத்துக்கு ஓர் எழுத்தாக அழித்துவிடுவேன். மாணவர்கள் தடுமாறாமல் படிப்பார்கள். மூன்றுக்கு ஒன்று அழித்தால் கொஞ்சம் யோசித்துப் படிப்பார்கள். தேவைக்கு மேல் நிறைய வைத்திருக்கிறது மொழி. பாதி தொலைந்தாலும் மீதி பிழைத்துக்கொள்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இரண்டு துறை சேர்ந்து நடத்தும் பாடங்களை எங்கள் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிடும். தேறாத பாடத்தை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர், "இது ஒரே பாடமல்ல, இரண்டு பாடங்களைக் குண்டூசி குத்தி இணைத்திருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இலக்கியம் இல்லாமல் என் அளவீடும், அளவீடு இல்லாமல் ஜெபராணியின் விளக்கமும் நிற்காது என்று காட்டக்கூடிய ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. மதிப்பீட்டு நாள் 1996 ஏப்ரல் பதினேழு, புதன்கிழமை.

அதற்கு முந்தைய நவம்பரில் ஜெபராணி என் அறைக்கு வந்தார்.

"சார், ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன். டல்லாஸ் பக்கம் ஒரு காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க. மே மாசத்தோட இங்க காலி பண்ணிட்டு ராஜ்கூடப் போயிரலாம்னு பாக்கேன். மூணு வருஷமா ஆளுக்கொரு ஊரு. 'நீங்க புருஷன் பொண்டாட்டியாளா, பேனா நண்பர்களா'ன்னு எங்கம்மா போன்ல கேலி பண்ணுதா."

ராஜ் என்றால் ஏசுராஜ், அவர் கணவர். டல்லாஸ் பக்கம் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் இரவுப் பணி. நல்ல முடிவு, யோசித்துச் செய்யுங்கள் என்றேன். ஜெபராணி போய்விட்டால் பாடம் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் ஆய்வு அதற்கு அடுத்த வாரம் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக உங்கள் கேள்வித்தாளில் இருக்கிறது. கல்வியாண்டின் நடுப்பகுதி அப்படி வந்து அமைந்தது, அவ்வளவுதான்.

ஆய்வின் அமைப்பைச் சொல்கிறேன். பாடத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் கணினியை நானே நிறுவியிருந்தேன். ஜெபராணியின் அஞ்சலும் அதன் வழியாகத்தான் போய்வந்தது. மாணவர்களின் சம்மதத்தோடு அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் செய்திகளில் எழுத்துகளை உதிர்த்துப் பார்த்திருந்தோம். ஆனால் உதிரும் என்று தெரிந்து படிப்பவர் விழிப்பாகப் படிப்பார், அளவு பொய்யாகிவிடும். அறியாதவர்கள் இருவர் தேவைப்பட்டார்கள். ஜெபராணியும் ஏசுராஜும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிக்கொள்வார்கள். இங்கே எல்லாத் தமிழர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், துறைக்காரர்கள் யாருக்கும் புரியாது என்ற நிம்மதியில். கணினியை நிர்வகிப்பவன் தமிழன் என்பது அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை. பிறர் கடிதத்தைப் படிப்பவனாக என்னை அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இருவருக்கும் இடையே போகும் அஞ்சல்கள் மட்டும் என் கணினியில் அரை மணி நேரம் நிற்கும்படி செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வரியை எடுத்துவிட்டு அனுப்புவேன். எந்த வரியை எடுப்பது என்பதை நிரலிடம் விட முடியாது, படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பத்தில் தகவல் வரிகளை எடுத்தேன். உடனே அகப்பட்டது. 'எந்த ஃபிளைட்னு சொல்லவே இல்லயே' என்று மறுநாளே பதில் கேட்டார்கள். பிறகு வேறு வகை வரிகளை எடுத்துப் பார்த்தேன். 'நேத்து நீ சொன்னத நெனச்சு பஸ்ல தனியா சிரிச்சேன்.' 'இங்க மழ. நீ இருந்திருக்கலாம்.' அப்போதுதான் எனக்கு அந்த உண்மை புலப்பட்டது. வராத தகவலைக் கேட்டு வாங்குவார்கள். வராத பிரியத்தை யாரும் கேட்பதில்லை. 'இந்தத் தடவை அன்பாக ஒன்றும் எழுதவில்லையே' என்று பதில் போட யாருக்கும் வாய் வராது. அதற்குப் பதிலாகத் தன் அடுத்த கடிதத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்வார்கள்.

நவம்பரில் ஓர் அஞ்சல் சராசரியாக நாற்பது வரி. மார்ச்சில் ஒன்பது. நான் எடுத்தது கடிதத்துக்கு ஒரு வரிதான், மீதி முப்பதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

தொலைபேசி ஒரு தொல்லையாக இருந்தது. இரண்டாவது வழி ஒன்று இருந்தால் முதல் வழியின் பிழை திருத்தப்பட்டுவிடும். இது என் துறையின் பாலபாடம். ஏசுராஜுக்கு இரவுப் பணி என்பதால் அவர்கள் ஞாயிறு மதியம் மட்டும் பேசுவார்கள். அதனால் பாடத்திட்டக் கூட்டத்தை ஞாயிறு மதியம் எடிசனில் என் வீட்டுக்கு மாற்றினேன். என் மனைவி அனந்தலக்ஷ்மி அடை வார்த்துப் போடுவாள்.

"ஞாயித்துக்கெழமகூட அந்தப் பொண்ண இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கீங்களே. அவ வீட்டுக்காரர் போன் பண்ற டைமாம். கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கா, அடை எறங்கல அவளுக்கு" என்றாள் ஒருநாள் சமையலறையில்.

"ரிவ்யூ முடியட்டும்" என்றேன்.

மார்ச் இறுதியில் பெயரில்லாமல், அ, ஆ என்று மட்டும் குறித்து, கடிதத்துக்கு ஒரு பிரிய வரி எடுக்கப்பட்டதில் இருவர் கடிதங்களும் சுருங்கி வந்ததைக் காட்டும் வரைபடத்தை வகுப்பில் போட்டேன். இறங்கும் கோட்டின் அருகில் நின்றுகொண்டு ஜெபராணி நாற்பது நிமிடம் பேசினார். இவர்களில் யாருமே பொய் சொல்லவில்லை, கோபிக்கவில்லை, மரியாதையாக ஒருவரையொருவர் விட்டு விலகுகிறார்கள் என்றார். அடுத்த கடிதம் எப்படியிருக்கும் என்று ஊகித்து, அதையே பலகையில் எழுதிக் காட்டினார். ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலக்கியமும் பொறியியலும் அப்படி ஒன்றையொன்று தாங்கி நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கேட்டார். "யாரு சார் இந்த ரெண்டு பேரும்? அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அளவு தப்பாயிடும்."

"பாவம் சார். யாராச்சும் ஒருத்தர் வெக்கத்த விட்டுட்டுக் கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த வாரமே அவர் டல்லாஸ் கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார். "அவருக்கே நான் வாறதுல பெருசா இஷ்டம் இல்லபோல சார். நானா போயி ஒட்டிக்கிட்டு நிக்கணுமா" என்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் பதினாறு, செவ்வாய்க்கிழமை மாலை, ஏசுராஜிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது. தூங்கி நான்கு நாளாகிறது, தலைக்குள் ஒன்றும் சரியில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். மறுநாள் மதிப்பீடு. ஜெபராணி அதைப் படித்தால் அன்றிரவே விமானம் ஏறிவிடுவார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் அதில் ஒரு வரியை எடுக்கவில்லை, முழு அஞ்சலையும் நிறுத்தி வைத்தேன். மதிப்பீடு மிக நன்றாக நடந்தது. வியாழக்கிழமை ஏசுராஜ் வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய காரை ஒரு ஏரிக்கரையில் கண்டுபிடித்தார்கள், மாலையில் அவரையும்.

அவர் வீட்டைக் காலி செய்த அண்ணன் செல்வராஜ், கணினியில் இருந்த அஞ்சல்களையெல்லாம் அச்செடுத்து ஜெபராணிக்குக் கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் ஜெபராணி உங்களிடம் வந்தார். விடுபட்ட அறுபத்து மூன்று வரிகளையும் நீங்கள் பட்டியலிட்டிருக்கிறீர்கள். பட்டியல் சரி, அவை எல்லாவற்றையும் நான்தான் எடுத்தேன்.

ஆனால் எண்ணிக்கை அறுபத்து நான்கு. கடைசி அஞ்சலை ஏசுராஜ் வீட்டிலிருந்து அனுப்பவில்லை, அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பினார். அதனால் அதன் நகல் அண்ணனிடம் இல்லை. அடக்கம் முடிந்து ஜெபராணி திரும்பி வந்ததும், கணினி பழுதால் தங்கிவிட்டது என்று சொல்லி நானே அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் சேர வேண்டிய கடிதம் அது, கொடுப்பதுதானே முறை.

அதன் முடிவில் ஒரு வரி இருந்தது: 'நீ வரலன்னாலும் ஒம்மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது பிள்ள, எப்பமும் போலத்தான்.' ஐந்து மாதமாக அப்படி ஒரு வரிகூடப் போய்ச் சேராத இடத்தில் அது திடீரென்று நின்றால் பொருந்தாது, அவருக்குச் சந்தேகம் வரும். எனவே அதை எடுத்துவிட்டுத்தான் அச்செடுத்தேன்.

ஜெபராணி என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எந்த இடத்திலும் தடுமாறவில்லை, எதையும் கேட்கவில்லை. என் அளவீடு சரி என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.