ஹாலம் நின்ற கதவு

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, ஹாலமை இன்றும் மறக்காமல் எனிட் அம்மையாரின் இரங்கல் கூட்டத்துக்காக இந்தப் போரம்வுட் மண்டபத்துக்கு வந்திருக்கும் ரசிகர்களே, இரண்டாம் வரிசையில் ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருக்கும் லாக்கியர் அவர்களே! உங்களுக்கும் சேர்த்தே வணக்கம்.

நான் சிரில் டிராண்டர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவன், ஸ்டூடியோத் தச்சன். என் பெயரை நீங்கள் திரையில் பார்த்திருக்க மாட்டீர்கள். போடவில்லை.

தொலைக்காட்சியில் நாம் பார்த்த உளவாளி ஹாலமுக்கு முதற்பெயர் உண்டா? ஊர் உண்டா? மனைவி உண்டா? கதாசிரியர்கள் எழுதத்தான் செய்தார்கள். கதைப் பொறுப்பாளர் எனிட் கார்பட் அம்மையார் நீலப் பென்சிலால் அடித்துத் தள்ளினார். "உளவாளி அவன் அம்மாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, பக்கத்து வீட்டுக்காரன் ஆயிடுவான்" என்பார்.

முதல் வாரமே ஒரு கதவின் முன் நின்றானே ஹாலம்! கைப்பிடியில் கை, பேச்சில்லை, பிறகு உள்ளே போனான். அதன்பின் வாரம் தவறாமல் நின்றான். ஏன் நின்றான்?

மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. தேநீர் வேளையில் என் பட்டறையில் உட்கார்ந்து அம்மையார் படிப்பார். கப்பலுக்குப் போன காலையில் தன் கணவரும் இப்படித்தான் நின்றார் என்று ஹல் நகரத்து விதவை எழுதினாள். சிறையிலிருந்து வந்து, மனைவி வீட்டுக் கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டேன் என்று லீட்ஸிலிருந்து ஒருவர் எழுதினார். உண்மைக் காரணம் தெரிந்த நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதே சிரில். வெளிய வாயைத் திறந்தே, உன்னை அந்தக் கதவுலயே வச்சு ஆணி அடிச்சிருவேன்."

"அப்பவாவது என் பேரைப் போடுவாங்களா?"

"பேராசை புடிச்ச பயலே, பிஸ்கட்டைத் தின்னு."

காரணம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஹாலமாக நடித்தவர் போனார்; அந்த நிற்பை அவருடைய மேதைமை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது அம்மையாரும் போய்விட்டார். என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விட்டீர்களே, அம்மையாரே! இது நியாயமா?

புதிய தொடரில் ஹாலமின் முழு வாழ்க்கையும் வரப்போகிறதாம். அதை எடுக்கும் லாக்கியர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, கதவு விஷயத்தை மட்டும் சொல்லுங்க. உங்க பேரை முதல்ல போடுறோம். தனியா, பெரிசா."

நாற்பத்தாறு வருடம் காத்திருந்த பெயர்! "சொல்லித் தொலையேன், செத்தவங்க கேக்கவா போறாங்க?" என்றாள் என் மனைவி மேவிஸ். மறைக்க மாட்டேன், இன்று காலை வரை சொல்வதாகத்தான் இருந்தேன்.

வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். அன்று கடிதம் எழுதிய அதே லீட்ஸ்காரர்! "ஹாலம் எவ்வளவு நேரம் நின்னாலும் கடைசியில உள்ள போனான். அதைப் பாத்துட்டுத்தான் நானும் போய்த் தட்டினேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி. "மழையில நனைஞ்ச கோழி மாதிரி நின்னாரு" என்றார் அந்த அம்மாள்.

இவர்களிடம் போய் ஒரு தச்சனின் அற்பக் காரணத்தையா நான் சொல்ல?

லாக்கியர் அவர்களே, தாளை மடித்துப் பையில் வையுங்கள். என் பெயர் வேண்டாம். எனிட் அம்மையாரே, கேளுங்கள்! அந்தக் கதவைச் செய்தவன் நான். என் உயிர் உள்ளவரை அது திறக்காது. நானும் உள்ளேயே இருக்கிறேன்.