கேமரா நனைந்தால் போதும்

கடற்கரையில் கல்யாண ஜோடியைப் படம் எடுக்கக் காலை வெயில்தான் நல்லது சார். நேரம் போனால் முகத்தில் நிழல் விழும், மணப்பெண்ணுக்கு வேர்த்துவிடும். அதனால்தான் அன்றைக்கு விடியும்போதே பொம்மையார்பாளையம் போய்விட்டோம்.

நானும் பிரான்சிஸும் விழுப்புரத்தில் ஒரே ஸ்டுடியோவில் லைட் பிடித்துத் தொழில் கற்றவர்கள். அவன் காணை கிராமத்துப் பக்கம், கரும்பு வெட்டப் போகிற குடும்பம். நான் பொம்மையார்பாளையத்தில் மீன்பிடிக்கிறவர் மகன். பிறகு திண்டிவனத்தில் இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ வைத்தோம். ஒரே கம்பெனி டிஎஸ்எல்ஆர் ஆளுக்கொன்று வாங்கினோம். அவன் லென்ஸை நான் மாட்டுவேன், என் பேட்டரியை அவன் எடுத்துக்கொள்வான். எது யாருடையது என்று கேட்டதே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறத் தொடங்கினார்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, எடை குறைவு, சத்தம் வராது. படம் எப்படி வருமென்று எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பழையதைக் கொடுத்துவிட்டு மாறுவோம் என்று பேசிவைத்துத்தான் இருவரும் பாண்டிச்சேரியில் கேமராக் கடைக்குப் போனோம். நான் கொடுத்தேன். அவன் கடைசி நேரத்தில் கேமராவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"எனக்கு இதுவே போதும்டா சுகுமாரு. இதுல கண்ண வச்சா ஆளு தெரியறாங்க. உன்னுதுல டிவி தெரியுது" என்றான்.

அதன்பிறகு அவன் லென்ஸ் எனக்கு மாட்டாது, என்னுடையது அவனுக்கு மாட்டாது. ஒரே பெண் அவன் படத்தில் ஒரு நிறம், என் படத்தில் வேறு நிறம். உட்கார்ந்து சரிசெய்வது என் வேலையாகிவிட்டது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வருகிறவர்கள் அவன் எடுத்ததாகவே பார்த்து எடுப்பார்கள். பட்டனை அழுத்துமுன் அவன் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பான், அதனால்தான். எனக்கு அதில் பொறாமை கிடையாது. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழைய கேமரா ஒழிந்தால் அவனும் மாறிவிடுவான் என்று நினைத்தேன், அவ்வளவுதான். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் கேமரா பிழைக்காது. அது நனைந்தால் போதும்.

அன்றைய ஜோடி வெற்றிவேலும் அம்பிகாவும். இருவரும் ஈர மணலில் நின்றார்கள். கடலுக்குள் இருந்து கரையைப் பார்த்து எடுக்கிறேன் என்று பிரான்சிஸ் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவன் முதுகுக்குப் பின்னால் ஓரிடத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அலை மணலை அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் அப்படித்தான் தெரியும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போடா. தென்னமரம் முழுசா வரும்" என்றேன்.

"ஆழமா இருக்கப்போவுதுடா."

"முட்டி அளவுதான். நான் பொறந்த ஊருடா இது."

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் போனான். போனவன் கழுத்துவரை இறங்கிவிட்டான். அடுத்த அலை அவனை இன்னும் உள்ளே இழுத்தது. நான் எதிர்பார்த்தபடி கேமரா நனையவில்லை. இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"சுகுமாரு, கேமராவப் புடிடா!"

தன்னைப் பிடிக்கச் சொல்லவில்லை சார்.

என் கழுத்தில் புதுக் கேமரா இருந்தது. கழற்றினேன். பையில் வைத்தேன். ஜிப்பை இழுத்து மூடி அம்பிகாவிடம் கொடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். வெற்றிவேல் தண்ணீருக்குள் ஓடப் பார்த்தார். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "வேணாம் தம்பி, அங்க ஆழம்" என்றேன். நான் தடுத்ததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று அவர் உங்கள் ஸ்டேஷனிலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார்.

அப்புறம் நான் இறங்கினேன். நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. விபத்து என்று வழக்கை மூடினீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வருஷப் பூசை. மாதா கோயில் வாசலில் அவன் மனைவி வேணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கரையில இருந்தவங்க பாத்துக்கினு நின்னாங்க. நீங்க ஒருத்தருதாண்ணே அவருக்காவ எறங்குனீங்க" என்றாள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

கேமரா நனைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கேமரா அவன் கையைவிட்டு நழுவித் தண்ணீருக்குள் போனதை நான் பார்த்தேன். அதன்பிறகும் அவன் கைகள் வெளியே தெரிந்தன, வெறுங்கைகள். அவை உள்ளே போகிறவரை நான் கரையில்தான் நின்றேன்.